வாளி மேல் மட்டும்

ஆமாம். நான்தான்.

போனைப் பார்க்கிறாய், என்னைப் பார்க்கிறாய், திரும்பப் போனைப் பார்க்கிறாய். பஸ் திருவேங்கடம் தாண்டினதிலிருந்து இதே வேலை. கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நேராகவே கேட்டிருக்கலாம். வாளித் தாத்தா நான்தான். சட்டை வேறு. மூஞ்சி அதே மூஞ்சி. மாற்ற முடியாது.

சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடு. காத்திருக்கிறேன்.

முடிந்ததா? சரி.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன். பேர் அய்யாத்துரை. ஒரு டிரைவர் வந்து, வண்டி ஏன் லேட் என்று மூச்சுவிடாமல் கதை சொல்வான். நான் ஒரு வார்த்தை எழுதுவேன். 'டயர்.' 'ஊர்வலம்.' ஒருத்தனுக்கு 'மாமியார்' என்று எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டு, "என்னய்யா இது, ஒரு காரணமா?" என்றார். அந்த டிரைவரையே கேளுங்கள் என்றேன். கேட்டார். அதற்கப்புறம் அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. என் வேலை அப்படி. நீ கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? பார்த்தாயே. அது கேட்டதுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அந்தப் படத்து வாளியில் இருந்தது சாம்பார் இல்லை. ஊரில் பாதிப்பேர் சாம்பார் என்று நினைக்கிறார்கள். சாம்பாருக்கு எவனாவது இப்படி முறைப்பானா? அது சேமியாப் பாயசம். முந்திரி மிதந்தது. என் மகள் அகிலா கல்யாணம். என் செலவு. என் முந்திரி.

மாப்பிள்ளையின் அப்பா தளவாய். சாத்தூர்க்காரர். மாவு மில் வைத்திருக்கிறார். மாவு மில்காரர் வீட்டில் சம்பந்தம் பண்ணுகிறாயே, யோசித்துக்கொள் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். காலமெல்லாம் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை. காதோடு ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரன் "அப்படியா?" என்பான். அதையும் சுருக்கமாகச் சொல்ல மாட்டார். எதற்கெடுத்தாலும் 'அதாவது'. மணி என்ன என்று கேட்டால், "அதாவது சம்பந்தி, நான் காலைல எந்திரிச்சப்ப..." என்று ஆரம்பிப்பார்.

கடைசிப் பந்தி. சம்பந்திகள் சேர்ந்து உட்காருகிற பந்தி. பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தன்று காப்பியைத் தவிர எது இறங்கும்? அப்போதுதான் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவன் வாளியோடு வந்தான். கரண்டியை முக்கினான். தூக்கினான். கரண்டி என் இலைக்கு நேராக வந்துவிட்டது. முந்திரி தெரிந்தது.

அப்போது இடது பக்கத்திலிருந்து அந்தத் தொண்டை.

"அதாவது தம்பி, அவருக்குச் சர்க்கரை! ஊத்தாத! சர்க்கரை!"

மண்டபம் பூராவும் கேட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டி வாளிக்குள் போயிற்று. வாளி நகர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எவனோ கேமராவை அமுக்கியிருக்கிறான்.

அவ்வளவுதான் அந்தப் படம்.

எனக்குச் சர்க்கரை எல்லாம் கிடையாது. கொஞ்சம் உண்டு. மாத்திரை போடுகிறேன். மாத்திரை போட்டால் இல்லாத கணக்குத்தான். டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார். அவருக்கு அனுபவம் போதாது.

இலையை மடித்தேன். எழுந்தேன். அன்றைக்கு நின்ற பேச்சு. கல்யாண ஆல்பம் வந்தது, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தன் மகள் கல்யாணத்தில், தன் பந்தியில், தன் இலையைத் தாண்டி வாளி போவது சின்ன விஷயமா? உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அப்போ உனக்கே தெரியும்.

"நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாராம் தளவாய். மாப்பிள்ளை வந்து சொன்னார். நல்லதை மெதுவாகச் சொன்னால் ஆகாதா? நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். தளவாய் நேரில் வர வேண்டும். தாம்பூலத்தோடு வர வேண்டும். வந்து முறையாகக் கூப்பிட்டால் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போவேன். இல்லாவிட்டால் இல்லை.

"இதுவா ஒரு வார்த்தை?" என்றாள் கோமதி. என் மனைவி. அவளிடமும் கொஞ்ச நாள் பேசவில்லை.

பேத்தி பிறந்தது எங்கள் வீட்டில். தளவாய் பார்க்க வந்தார். கையில் தாம்பூலமா? இல்லை. காராசேவுப் பொட்டலம். நான் குளிக்கப் போய்விட்டேன். "அதாவது, சம்பந்தி இல்லையா?" என்று அவர் கேட்டது குளியலறைக்குள் நன்றாகவே கேட்டது. தொட்டி காலியாகிறவரை குளித்தேன். அவர் போனபிறகு வந்து காராசேவைத் தின்றேன். பண்டத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

இந்தச் சித்திரையில்தான் படம் வெளியே வந்தது. ஸ்டுடியோக்காரன் விளம்பரத்துக்கு இன்டர்நெட்டில் போட்டிருக்கிறான். எவனோ அதை வெட்டி, என்னையும் வாளியையும் மட்டும் வைத்துக்கொண்டு மேலே எழுதிவிட்டான். அடுப்படியில் கோமதி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

வாங்கிப் பார்த்தேன். நான்.

எழுதியிருந்தது இது: 'ஆபீஸில் எல்லாருக்கும் இன்கிரிமெண்ட் கொடுத்துக்கொண்டே வந்த மேனேஜர் என் டேபிள் வந்ததும் என்னைத் தாண்டிப் போகும்போது என்னுடைய மனநிலை.'

இதற்கா சிரித்தாய் என்றேன். இதைப் படித்து முடிப்பதற்குள் வாளி கைகழுவுகிற இடத்துக்கே போய்விடுமே. மனநிலையாம். மனநிலைதான் மூஞ்சியிலேயே இருக்கிறதே? அப்புறம் அதை எதற்கு எழுத்தில் வேறே எழுதுவது?

அதுதான் தம்பி எனக்குக் கோபம். படத்தைப் போட்டதற்கு இல்லை. அதற்கும்தான். ஆனால் அதைவிட, எழுதத் தெரியாதவனெல்லாம் என் மூஞ்சியை வைத்து எழுதுகிறானே என்று.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ரெஜினா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். போனை அவள் முன்னால் வைத்தேன்.

"இந்தப் படத்துல எழுதணும்."

படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள். உன்னை மாதிரியேதான்.

"ஐயோ சார், நீங்களா! நேத்து எங்க வீட்டுல இதை வச்சுத்தான் எங்க அண்ணனக் கலாய்ச்சோம்!"

"எழுதணும்."

"கேஸ் போடத்தான் வந்தீங்களோன்னு பயந்துட்டேன். உங்க மூஞ்சிய நீங்களே கலாய்க்கப் போறீங்களா சார்?"

"கலாய்க்கல. திருத்தப் போறேன்."

எழுத்தை எங்கே வைக்க என்று கேட்டாள். வாளி மேல் என்றேன்.

"மூஞ்சி மேல?"

"அங்க ஏற்கெனவே எழுதியிருக்கு."

வாளி மேல் 'இன்கிரிமெண்ட்' என்று போடச் சொன்னேன். அவ்வளவுதான். வேறு ஒரு எழுத்து கிடையாது. ரெஜினா சிரித்தாள். ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஒருத்தர், எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். இன்கிரிமெண்ட் வாங்காத ஆள்போல.

அதுதான் என் முறை. வாளி மேல் மட்டும் எழுது. மூஞ்சியைத் தொடாதே. உலகத்தில் எது வேண்டுமானாலும் வாளியாகலாம். மூஞ்சி ஒன்றுதான்.

வாளித் தாத்தாவுக்கென்றே இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருந்தது. அதில் 'டைம்கீப்பர்' என்று பேர் வைத்துக்கொண்டு போட ஆரம்பித்தேன். ரெஜினா ஒருதரம் காட்டினாள். அப்புறம் நானே என் போனில் போட்டேன். வாளி மேல் 'மழை' என்று எழுதினேன் பார், அது ஓடிற்று. நம்ம பக்கம் எப்படி? மேகம் வரும். தலைக்கு மேலே நிற்கும். முந்திரிகூடத் தெரியும். அப்புறம் குற்றாலத்துக்குப் போய்விடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் வரைக்கும் கரிசல்காட்டு ஆட்கள் ஒருத்தர் விடாமல் அதை அனுப்பினார்கள். எனக்கே அது திரும்பி வந்தது, 'பாத்தீங்களா, உங்களை மாதிரியே ஒரு ஆள்' என்று. அப்புறம் 'பாக்கிச் சில்லறை'. அப்புறம் 'ஜன்னல் சீட்'. நீ சிரித்தது எதற்கு? ஜன்னல் சீட்டா? இப்போது அதில் நீ உட்கார்ந்திருக்கிறாய். இருக்கட்டும். இரு.

கோபத்தில்தான் எழுதினேன், சொல்லிவிட்டேன். காலையில் டீ குடித்ததும் கோபம் வந்துவிடும். சாயங்காலம் நடக்கப் போகும்போது, நாளைக்கு எதற்குக் கோபப்படலாம் என்று யோசித்துக்கொண்டே போவேன். கோமதிகூட, "என்ன, தனியா சிரிச்சுட்டு வாரீங்க?" என்றாள். சிரிக்கவில்லை. வெயில். முகம் சுளிந்திருக்கும்.

அப்போதுதான் 'காராசேவு' என்று ஒருத்தன் வந்தான். பேரைப் பார்த்து ஏதோ பலகாரக் கடைக்காரன் என்று நினைத்தேன். அவன் முதல்முதலில் போட்டது: 'அதாவது, நாம் நல்லது நினைத்து ஒரு காரியம் செய்யப்போக, அது தப்பாகிவிட, எல்லாரும் நம்மைத் தாண்டிப் போகும்போது நமக்கு ஏற்படுகிற வருத்தம்.' வாளி மேல் கொஞ்சம் எழுதியிருந்தான். இடம் போதவில்லை. என் நெற்றியில் கொஞ்சம். மிச்சத்தை அப்பளத்தின் மேல்.

நான் கீழே எழுதினேன்: 'நீளம்.'

'அதாவது, எவ்வளவு குறைக்கணும் சார்?' என்றான்.

'பாதி.'

பாதியாக்கினான்.

'இன்னும் பாதி.'

அதையும் செய்தான். ரோஷப்படவில்லை. கடைசியில் வாளி மேல் ஒரே வார்த்தை நின்றது: 'நல்லெண்ணம்'. சிரிப்பு வரவில்லை. ஆனால் ஏதோ வந்தது. பரவாயில்லை என்று போட்டேன். நான் பரவாயில்லை என்று சொல்வது பெரிய விஷயம். டிப்போவில் கேட்டுப் பார்.

அதிலிருந்து தினமும் பேச்சு. சாப்பிட்டாச்சா என்பான். ஆச்சு என்பேன். ஒருநாள் வாளி மேல் 'கரண்ட்' என்று போட்டிருந்தான். நான் எழுதியிருக்க வேண்டியது. எப்படித் தோன்றிற்று என்றேன். 'அதாவது சார், காலையிலேர்ந்து இங்க கரண்ட் இல்ல, மிஷின் ஓடல, சனம் தூக்குல அரிசியோட உக்காந்திருக்கு' என்றான். பலகாரக் கடையில் எதற்கு அரிசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்தவன் தொழிலில் நான் தலையிடுவதில்லை.

ஒருநாள் அவனாகவே சொன்னான். 'எனக்கு ஒரு சம்பந்தி இருக்கார் சார். அதாவது, நல்ல மனுஷன். வாயைத் திறக்க மாட்டார். அவர் உடம்புக்கு நல்லதுன்னு ஒண்ணு சொன்னேன். அன்னைக்கு நிறுத்தினவர்தான். வீட்டுக்குப் போனா குளிக்கப் போயிடுறார்.'

உலகத்தில் எப்படியெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள் பார். வீடு தேடி வந்த மனுஷனை விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவனெல்லாம் ஒரு சம்பந்தியா? எனக்கே கோபம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆளை விட்டுத் தள்ளுங்கள் என்று எழுதினேன்.

'தள்ள முடியாது சார். நடுவுல பேத்தி இருக்கா.'

என்ன சிரிப்பு? இன்னும் சிரிக்கிற இடம் வரவில்லை.

நானும் என் கதையைச் சொன்னேன். எனக்கும் ஒருத்தர் வாய்த்திருக்கிறார், ஆள் என்று ஒன்றும் இல்லை, தொண்டை மட்டும்தான் என்றேன். அப்புறம் கேட்டான்.

'அவ்வளவு சத்தமாவா சார் பேசுவார்?'

'மண்டபம் பூராவும் கேட்டது.'

'அதாவது, அது அவருக்கே தெரியாம இருக்கலாம் சார்.'

யாரென்றே தெரியாத மனுஷனுக்குப் பரிந்து பேசுகிறான். அப்படி ஒரு சுபாவம். தளவாய்க்கு அந்தக் குணத்தில் கால்வாசி இருந்தால் போதும் என்று நினைத்தேன். கோமதியிடமும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் காதுகுத்து வந்தது. பேத்திக்கு. இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, சாத்தூரில் விருந்து. பத்திரிகை வாட்ஸாப்பில் வந்தது. பின்னாலேயே அகிலா கூப்பிட்டாள்.

"அப்பா, பத்திரிகை வந்துச்சா?"

"வந்துச்சு. போன்ல."

"வருவீங்கல்ல?"

"போன்லயே வாரேன்."

"விளையாடாதீங்கப்பா. எனக்குக் கூடப்பிறந்தவன் இல்ல. தாய்மாமன் இல்லாட்டி அம்மா வீட்டுத் தாத்தா மடிலதான் பிள்ளைய வைக்கணும். நீங்க வரலைன்னா?"

"உன் மாமனாருக்கு மடி இல்லையா?"

"அவர் மடி செல்லாதுன்னு உங்களுக்கே தெரியும். எங்கேயோ கெடக்கிற பெரியப்பா மகனைக் கூட்டிட்டு வரலாம்ங்கிறாங்க. நான் முடியாதுன்னுட்டேன். எங்க அப்பா மடி, இல்லைன்னா காதே குத்தல. பிள்ளை மூளிக்காதோட வளரட்டும். யார் கேட்டாலும், எங்க ரெண்டு தாத்தாவும் ஒரு கரண்டி பாயசத்துக்கு முறைச்சுக்கிட்டாங்கன்னு சொல்லட்டும்."

வைத்துவிட்டாள்.

கோமதி பெட்டியைக் கட்டினாள். "நான் போறேன். அந்த மடியில போனை வச்சுக்கிட்டு நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு சாத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

நானே டீ போட்டுக் குடித்தேன். வழக்கமாக வருகிற கோபம் வரவில்லை. போனை எடுத்தேன். வாளி மேல் 'காதுகுத்து' என்று எழுதிப் போட்டேன்.

கீழே வரிசையாகச் சிரித்த பொம்மைகள். சூப்பர் தாத்தா என்றான் ஒருத்தன். வயிறு வலிக்குது என்றான் இன்னொருத்தன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? இத்தனை நாளாக அந்த மூஞ்சியைப் பார்க்கிறார்களே, மூஞ்சி பார்க்கத் தெரியவில்லையே இவர்களுக்கு என்று தோன்றிற்று. மூஞ்சியில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று நான்தான் சொன்னேன். யார் படித்தார்கள்?

காராசேவு மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு படம் போட்டான்.

அதே படம். ஆனால் வெட்டாத படம். முழுசு. ஸ்டுடியோக்காரனை விட்டால், அது கல்யாண ஆல்பம் இருக்கிற ரெண்டு வீட்டில்தான் இருக்கும். இடது பக்கம் நான். நடுவில் வாளி. வலது பக்கம், எவனோ வெட்டி எறிந்தானே அந்தப் பக்கம், தளவாய் உட்கார்ந்திருக்கிறார். அவர் இலையில் பாயசம் இல்லை. பின்னாலிருந்து அவர் சம்சாரம் குனிந்து, வளையல் போட்ட கையை அவர் இலைக்கு மேல் விரித்து மறைத்துக்கொண்டு நிற்கிறார், ஊற்றாதே என்று. தளவாய் வாளியைப் பார்க்கிறார். தம்பி, அதே மூஞ்சி! என் மூஞ்சிதான். மீசை மட்டும் பெரிசு.

அந்த ஆளுக்கும் சர்க்கரை. எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தத் தொண்டையால் அதைச் சொல்லியிருக்கலாம்.

வாளி மேல் ஒரே வார்த்தை. 'பேத்தி.'

ரெண்டு மூஞ்சி மேலும் ஒன்றும் எழுதவில்லை. சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. நான் வராவிட்டால் காதுகுத்தே இல்லை என்று அகிலா அங்கேயும் சொல்லியிருக்கிறாள். வாளி என்னை மட்டும் தாண்டவில்லை.

காராசேவு யார் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். கோமதியிடம் போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

ஆனால் சொன்ன வார்த்தை ஒன்று இருக்கிறதே? நேரில் வர வேண்டும், தாம்பூலத்தோடு வர வேண்டும். படத்தை எடுத்துக்கொண்டு ரெஜினா கடைக்குப் போனேன்.

"அவர் மடியைப் பெரிசாக்கு."

"மடியையா சார்?"

"மடியில மஞ்சப் பை ஒண்ணு இருக்கு பாரு."

பெரிசாக்கினாள். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. எவனும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சாப்பிடும்போதும் மடியில் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆள்.

"வெளிய நீட்டிட்டு இருக்கிறது என்ன?"

"வெத்தலைக் காம்பு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. வெத்தலைதானே?"

"வெத்தலைதான் சார்."

"ஆள் நேர்ல இருக்காரா?"

"படத்துல இருக்கார்."

"தாம்பூலத்தோட இருக்காரா?"

"சார், அது உங்க வீட்டுத் தாம்பூலம். நீங்க அவருக்குக் குடுத்தது."

"யார் குடுத்ததுன்னு கேக்கல. இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"போதும்."

காராசேவுக்குப் பதில் எழுதினேன்: 'ஏழேகால் வண்டி.' அவர் 'சரி' என்று போட்டார். முன்னால் அதாவது இல்லை, பின்னால் கதை இல்லை. ஒரே வார்த்தை. என்னிடம் படித்த ஆள்.

எழுந்திரு, சாத்தூர் வந்துவிட்டது. லேட். என்ன காரணம் எழுதுவான் என்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் நீ என்னைப் பேச வைத்ததைத்தான் எழுத வேண்டும். அங்கே பார், டீக்கடைக்கு முன்னால். மீசை. வேட்டியெல்லாம் மாவு. விசேஷ வீட்டுக்காரர் வேட்டி மாற்றிக்கொண்டு வரக் கூடாதா? கையில் என்ன அது? தூக்குவாளி.

"அதாவது சம்பந்தி! வண்டி லேட்டு!"

கேட்டதா? வண்டி பூராவும் கேட்டது. டிரைவர் முகத்தைப் பார். இவருக்கு இது தெரியாது, பாவம். மில் தொண்டை.

நீ எதற்குப் போனைத் தூக்குகிறாய்? சரி, எடுத்துக்கொள். அவரும் வரட்டும், வாளியும் வரட்டும். எதையும் வெட்டாதே. மூஞ்சி மேல் எழுதாதே. இந்தத் தடவை வாளி மேலேயும் எழுதாதே.

என் பையை எடு. இறங்குகிறேன். தூக்கில் இருப்பது பாயசமாகத்தான் இருக்க வேண்டும். சர்க்கரை போடாத பாயசமாக இருந்தால், சங்கரன்கோவிலுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும்.